எருக்கு

எருக்கு என்பது மணற்பாங்கான வறண்ட நிலங்களில் தானாக வளரும் ஒரு பூக்கும் புதர்ச்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் கலோட்ரோபிஸ் ஜைகாண்டியா என்பதாகும். எருக்கன், எருக்கலை என்றும் இது அழைக்கப்படுகிறது. ஆற்றங்கரை, சாலையோரம், தரிசு நிலம், கடற்கரை மணல்மேடு, இடிந்த கட்டடம் ஆகிய இடங்களில் இதனைப் பரவலாகக் காணலாம். தமிழ்நாட்டில் அனைவருக்கும் அறிமுகமான செடி இது. எனினும் இதன் பூவின் அமைப்பு மிகவும் சிக்கலானது. இதன் உடலெங்கும் ஓடும் வெண்ணிறப் பால் நச்சுத்தன்மை உடையது. கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கக் கூடியது. பூசைக்கும் மருந்துக்கும் உரத்துக்கும் இச்செடியைக் கையாளுபவர்கள் இதன் இயல்பை அறிந்திருப்பது அவசியமாகும்.

வகைப்பாடு

திணை: தாவரம்
பிரிவு: பூக்கும் தாவரங்கள்
வகுப்பு: இருவித்திலைத் தாவரங்கள்
வரிசை: ஜென்ஷியனேல்ஸ்
குடும்பம்: அப்போசைனேசியே
பேரினம்: கலோட்ரோபிஸ்
இனம்: ஜைகாண்டியா

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இச்செடியை அஸ்கிளிப்பியாஸ் என்னும் பேரினத்தில் சேர்த்து விவரித்தார். பின்னர் இராபர்ட் பிரவுன் கலோட்ரோபிஸ் என்னும் தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். இன்று வழங்கும் பெயர் 1811 ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. பழைய பாடநூல்களில் எருக்கு அஸ்கிளிப்பியடேசியே என்னும் குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கும். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 1998 இல் வெளியான பூக்கும் தாவரங்களின் புதிய வகைப்பாட்டில் அக்குடும்பம் அப்போசைனேசியே குடும்பத்துடன் இணைக்கப்பட்டது. இதனால் அரளி, நித்தியகல்யாணி ஆகியவையும் எருக்கும் இன்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெயர்கள்

சமற்கிருதத்தில் அர்க்கம் என்றும், இந்தியில் ஆக் என்றும், தெலுங்கில் ஜில்லேடு என்றும், கன்னடத்தில் எக்க என்றும், மலையாளத்தில் எரிக்கு என்றும், சிங்களத்தில் வரா என்றும் இது அழைக்கப்படுகிறது. அர்க்கம் என்னும் சொல் கதிரவனையும் குறிக்கும். சென்னையில் உள்ள எருக்கஞ்சேரி போன்ற ஊர்ப்பெயர்களிலும் இச்செடியின் பெயர் இடம்பெற்றுள்ளது.

பரவல்

எருக்கு இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென் சீனா ஆகிய பகுதிகளின் இயற்கையான தாவரமாகும். பிற வெப்பமண்டல நாடுகளுக்கு மனிதர்களால் கொண்டு செல்லப்பட்டது. தமிழ்நாட்டில் கடற்கரை முதல் மலையடிவாரம் வரை சமவெளி எங்கும் வளர்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் கரையில் அமைந்துள்ள மணலூர்பேட்டை, இச்செடி விரும்பும் நில அமைப்புக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஊர்ப்பெயரிலேயே மணல் உள்ளது. தை மாதம் ஐந்தாம் நாளில் இங்கு நடைபெறும் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். ஊருக்கு மேற்புறம் சாத்தனூர் அணையும், ஆற்றின் போக்கில் கீழே திருக்கோவிலூரும் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டும் மழைக்காலத்தில் பெருகியும் ஓடும் இத்தகைய ஆறுகள், ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் பழைய மணலை அரித்துப் புதிய மணலைப் படியவிடுகின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் கடும் வெள்ளம் ஏற்பட்டது. இவ்வாறு படியும் வெற்று மணலில் நிழலும் போட்டியும் இருப்பதில்லை. காற்றில் பறந்துவரும் விதைகளை உடைய எருக்கு போன்ற செடிகள் அங்கு எளிதில் முளைக்கின்றன.

மணல் நிலத்துக்கு ஏற்ற தகவமைப்புகள்

மணலில் நீர் தங்காது, மேற்பரப்பு பகலில் கடுமையாகச் சூடேறும், சத்துகளும் குறைவு. இந்நிலையைத் தாங்குவதற்கு எருக்கில் பின்வரும் பண்புகள் அமைந்துள்ளன.

வேர்: ஆணிவேர் பருத்தும் ஆழமாகவும் இறங்கி, மேல்மணல் காய்ந்த பின்னும் அடியில் உள்ள ஈரத்தை எடுக்கிறது. தண்டை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

மேற்பூச்சு: இளந்தண்டிலும் இலையிலும் மாவு பூசியதுபோல் வெண்மை காணப்படும். மெழுகும் பஞ்சு போன்ற மென்மயிர்களும் சேர்ந்த இப்பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்பி, நீராவிப்போக்கைக் குறைக்கிறது.

பால்: கால்நடைகள் பெரும்பாலும் இதனைத் தின்பதில்லை. எனவே மேய்ச்சல் மிகுந்து பிற செடிகள் அழிந்த நிலத்தில் எருக்கு மட்டும் எஞ்சி நிற்கும். ஒரு தரிசில் எருக்கு மிகுந்திருப்பது, அங்கு மேய்ச்சல் அளவுக்கு மீறியிருப்பதன் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. ஒருவரைச் சபிக்கும்போது அவர் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்று கூறும் வழக்கு, ஆளற்ற இடத்தில் இச்செடி முதலில் குடியேறும் இயல்பைக் கண்டே எழுந்திருக்க வேண்டும்.

தாவரவியல் பண்புகள்

எருக்கு பொதுவாக 1 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். சில இடங்களில் 4 மீட்டரையும் எட்டும். அடித்தண்டின் பட்டை வெளிறிய நிறத்தில் தக்கைபோல் வெடித்துக் காணப்படும். இலைகள் எதிரெதிராக, ஒரு சோடிக்கு அடுத்த சோடி குறுக்காக அமைந்திருக்கும். இலைக்காம்பு இல்லை எனலாம். இலையின் அடிப்பகுதி இதய வடிவில் தண்டைத் தழுவி நிற்கும். இலைகள் தடித்தவை, பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ. நீளமும் 4 முதல் 10 செ.மீ. அகலமும் கொண்டவை. எப்பகுதியைக் கிள்ளினாலும் உடனே பால் வடியும்.

ஆண்டு முழுவதும் பூக்கும். பூக்கள் கிளை நுனியை ஒட்டிக் கொத்துகளாகத் தோன்றும். மொட்டு முட்டை வடிவில் ஐந்து விளிம்புகளுடன் இருக்கும். மொட்டை விரலால் அழுத்தினால் ஒலியுடன் வெடிக்கும் என்பதால் சிறுவர்கள் இதனை விளையாட்டாகச் செய்வதுண்டு. விரிந்த பூ 2.5 முதல் 4 செ.மீ. குறுக்களவு உடையது. ஐந்து அல்லி இதழ்களும் மெழுகில் செய்தவை போலத் தடித்து, விரிந்து பின்னோக்கி வளைந்திருக்கும். நிறம் வெளிர் ஊதா அல்லது வெள்ளை ஆகும்.

வெள்ளெருக்கு

வெள்ளைப் பூ பூக்கும் செடி வெள்ளெருக்கு எனப்படுகிறது. இது தனி இனம் அன்று. அதே இனத்தின் நிற வேறுபாடு மட்டுமே. ஊதாப் பூ எருக்கில் உள்ள நச்சுப் பால் வெள்ளெருக்கிலும் உண்டு. வெள்ளெருக்கு வேரில் செய்த பிள்ளையார் உருவத்துக்குச் சிறப்பு ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை இருப்பதால், முதிர்ந்த செடிகள் வேரோடு தோண்டி எடுக்கப்படுகின்றன. தண்டை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் செடி, வேரை இழந்தால் பிழைப்பதில்லை.

ஒத்த இனம்

கலோட்ரோபிஸ் புரோசீரா என்னும் நெருங்கிய இனமும் இந்தியாவில் வளர்கிறது. இது வறண்ட வடமேற்குப் பகுதிகளில் மிகுதி. இவ்விரண்டையும் பூவைக் கொண்டு பிரித்தறியலாம். புரோசீராவின் மொட்டு உருண்டையானது. இதழ்கள் நிமிர்ந்து கிண்ணம்போல் நிற்கும். இதழ் நுனியில் அடர்ந்த ஊதாத் திட்டு இருக்கும். எருக்கின் மொட்டு நீண்டது; இதழ்கள் விரிந்து பின்னோக்கி வளையும்.

பூவின் அமைப்பும் மகரந்தச் சேர்க்கையும்

எருக்கம் பூவின் நடுவில் கிரீடம் போன்ற ஓர் உறுப்பு உயர்ந்து நிற்கிறது. இதன் ஐந்து சதைப்பற்றான மடல்களும் துணை மகுடம் எனப்படுகின்றன. ஒவ்வொரு மடலின் அடியிலும் வால்போல் மேல்நோக்கிச் சுருண்ட முனை உண்டு. மகுடத்தின் உச்சியில் ஐங்கோண வடிவில் தட்டையாகத் தெரிவது சூல்முடியின் தலையாகும். மகரந்தப்பைகள் இத்தலையுடன் ஒட்டி இணைந்துள்ளன. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இவ்வாறு ஒரே தூணாக இணைந்திருப்பது இக்கூட்டத் தாவரங்களின் சிறப்பியல்பு.

செம்பருத்தி போன்ற பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும். எருக்கில் அவ்வாறு உதிர்வதில்லை. ஒரு பையில் உள்ள மகரந்தத்துகள்கள் அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்து, மெழுகு போன்ற மஞ்சள் நிறப் பொதியாக அமைகின்றன. இது பொலினியம் எனப்படும். அடுத்தடுத்த இரு பைகளின் பொதிகள் இரண்டும் மெல்லிய இழைகளால் ஒரு சிறிய கருநிறப் பிடிப்பானுடன் இணைந்திருக்கும். தராசின் இரு தட்டுகளைப் போன்ற இந்த அமைப்பு பூ ஒன்றுக்கு ஐந்து உண்டு. ஆகவே ஒரு பூவில் பத்துப் பொதிகள் உள்ளன.

மகரந்தச் சேர்க்கை பின்வரும் முறையில் நடைபெறுகிறது.

1. தேன் அருந்தவரும் வண்டு மகுடத்தின் மீது அமர்கிறது. மகரந்தப்பைகளுக்கு இடையே ஐந்து குறுகிய பிளவுகள் உள்ளன. வண்டின் காலோ வாயுறுப்போ அவற்றுள் ஒன்றில் வழுக்கி இறங்குகிறது.
2. வண்டு உறுப்பை மேல்நோக்கி இழுக்கும்போது பிளவு அதனை நேராகப் பிடிப்பானுக்குள் செலுத்துகிறது. பிடிப்பான் இறுகப் பற்றிக்கொள்கிறது.
3. வண்டு விடுபட்டுப் பறக்கையில் இரண்டு பொதிகளும் அதனுடன் வெளியே வருகின்றன.
4. அடுத்த பூவில் அதே போன்ற பிளவில் பொதி சிக்கி முறிந்து தங்குகிறது. அங்கு மகரந்தக் குழல்கள் வளர்ந்து சூலகத்தை அடைகின்றன.

பிளவிலிருந்து உறுப்பை இழுத்து விடுபட வலிமை வேண்டும். தச்சன் வண்டு எனப்படும் பெரிய கருநிறத் தேனீ வகைகளே எருக்கின் முதன்மையான மகரந்தச் சேர்க்கையாளர்கள். இவை உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடு அமைப்பவை. வலிமை குறைந்த சிறு பூச்சிகள் சில வேளைகளில் பிளவில் சிக்கி இறப்பதும் உண்டு.

பெரும்பாலான பூக்கள் காய்ப்பதில்லை. கொத்துக்கொத்தாகப் பூத்த செடியில் சில காய்களே காணப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் சேர்க்கை நிகழ்ந்துவிட்டால் ஒரே பொதியில் உள்ள மகரந்தம் நூற்றுக்கணக்கான விதைகளை உருவாக்கப் போதுமானதாகும்.

காயும் விதையும்

காய் பச்சை நிறமானது. உப்பிய படகு வடிவமுடையது. 7 முதல் 10 செ.மீ. நீளம் கொண்டது. முற்றியதும் ஒரு பக்கம் மட்டும் பிளக்கும். இத்தகைய கனி ஒருபுற வெடிகனி எனப்படுகிறது. உள்ளே தட்டையான பழுப்பு விதைகள் செதில்போல் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு விதையின் நுனியிலும் பட்டுப் போன்ற வெண்ணிற இழைக் குஞ்சம் உண்டு. கோடையில் காய் வெடித்ததும் இவ்விதைகள் காற்றில் நெடுந்தொலைவு பறந்து செல்கின்றன.

எருக்கைச் சார்ந்த உயிரினங்கள்

பல விலங்குகள் ஒதுக்கும் எருக்கைச் சில பூச்சிகள் உணவாகக் கொள்கின்றன. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் முட்டையிடுகிறது. இதன் இளம் புழு, இலையில் வட்டமாக வெட்டிப் பால் வரும் வழியை அடைத்துவிட்டு, அதன் பின்னர் உண்கிறது. செடியின் நச்சு புழுவின் உடலில் சேர்ந்து, வளர்ந்த வண்ணத்துப்பூச்சியிலும் எஞ்சுவதால் பறவைகள் பொதுவாக அதனைத் தவிர்க்கின்றன. நச்சற்ற வேறோர் இனமான ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே தோற்றம் கொண்டு தப்பிக்கிறது. மஞ்சளும் நீலமும் கலந்த வண்ண வெட்டுக்கிளியும், மஞ்சள் நிற அசுவினியும் எருக்கில் வழக்கமாகக் காணப்படுபவை.

எருக்கம் பாலின் நச்சுத்தன்மை

எருக்கம் பாலில் கலோட்ரோபின், உஸ்காரின், கலோடாக்சின் முதலிய வேதிப்பொருள்கள் உள்ளன. இவை கார்டினோலைடு என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. உடலின் செல்கள் ஒவ்வொன்றும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்கும் ஒரு நொதியைக் கொண்டுள்ளன. கார்டினோலைடுகள் இந்நொதியின் செயலைத் தடுக்கின்றன. இதனால் இதயத் துடிப்பின் சீர் கெடுகிறது. பால் உட்கொள்ளப்பட்டால் வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். அளவு மிகுந்தால் உயிருக்கு ஆபத்து நேரும். இப்பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் இருப்பதால் தோலில் பட்டால் கொப்புளம் ஏற்படலாம்.

கண்ணில் படுவது தனியே கவனிக்கத் தக்கது. கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த செல்கள், கருவிழியிலிருந்து நீரை வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. எருக்கம் பால் இச்செல்களைத் தாக்குகிறது. கருவிழி நீர்கோத்து வீங்கி, பார்வை மங்குகிறது. பல வேளைகளில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால் பாதிக்கப்பட்டவர் மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பதுண்டு. தக்க சிகிச்சையால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. ஆனால் அழிந்த உட்புறச் செல்கள் மனிதருக்கு மீண்டும் உருவாவதில்லை. எஞ்சிய செல்களே அவ்விடத்தை நிரப்பிக்கொள்கின்றன.

பூப்பறித்த கையால் கண்ணைத் தேய்ப்பது, இலையை ஒடிக்கும்போது பால் தெறிப்பது ஆகியவற்றால் இவ்விபத்து நிகழ்கிறது. விநாயகர் சதுர்த்திக்காகச் சிறுவர்கள் பூப்பறிக்கும் நாள்களில் இதனை நினைவில் கொள்ள வேண்டும். காலில் முள் தைத்தால் எருக்கம் பால் இடும் கிராம வழக்கத்திலும் இந்த ஆபத்து உண்டு.

முதலுதவி

* கண்ணில் பட்டால் உடனே தூய நீரால் குறைந்தது 15 முதல் 20 நிமிடங்கள் கழுவ வேண்டும். கண்ணைத் தேய்க்கக் கூடாது.
* தாய்ப்பால், எண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடக் கூடாது.
* வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். எருக்கம் பால் பட்டது என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும்.
* உட்கொண்டிருந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சமூக வரலாற்றில்

எருக்கம் பாலுக்குத் துயரமான ஒரு வரலாறும் உண்டு. 1980களிலும் 1990களிலும் மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி வட்டாரத்திலும், சேலம், தருமபுரி மாவட்டங்களின் சில பகுதிகளிலும் நிகழ்ந்த பெண் சிசுக்கொலைகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதற்குப் பயன்பட்டவற்றுள் எருக்கம் பாலும் ஒன்று. 1992 இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பெற்றோர் வளர்க்க விரும்பாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்த இத்திட்டம் பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2011 இல் சேர்க்கப்பட்டவற்றுள் விழுப்புரம் மாவட்டமும் ஒன்று. மணலூர்பேட்டை அப்போது அம்மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

பயன்கள்

தழையுரம்: நெல் வயலில் நடவுக்கு முன் எருக்கிலையை இட்டு மிதித்து மட்கச் செய்வது நெடுநாளைய வழக்கம்.

நார்: தண்டின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் நார் உறுதியானது. வில்லின் நாண், தூண்டில் கயிறு ஆகியவற்றுக்கு முற்காலத்தில் பயன்பட்டது. வெள்ளெருக்கு நாரில் விளக்குத்திரி செய்கின்றனர்.

பஞ்சு: விதையின் இழைகள் தலையணை நிரப்பப் பயன்பட்டுள்ளன.

கரி: எருக்கங்கரி வெடிமருந்து தயாரிப்பில் பயன்பட்டது.

மருத்துவம்: சித்த, ஆயுர்வேத மருத்துவ முறைகளில் வேர்ப்பட்டை, இலை, பூ, பால் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இம்முறைகளே இதனை நச்சுப் பொருளாகக் கருதி, சுத்தி செய்த பின்னரே சேர்க்கின்றன. இந்திய மருந்து மற்றும் அழகுசாதன விதிகளின் நச்சுப் பொருள்கள் பட்டியலில் எருக்கு இடம்பெற்றுள்ளது. ஆகவே இதனைத் தாமே மருந்தாக உட்கொள்வது தவிர்க்கப்பட வேண்டும்.

பண்பாட்டில்

சங்க இலக்கியத்தில் எருக்கு, யாரும் விரும்பிச் சூடாத பூவாகக் குறிக்கப்படுகிறது. காதல் நிறைவேறாத தலைவன் மடலேறும்போது எருக்கம் பூமாலை அணிவான் என்பதைக் குறுந்தொகையின் 17 ஆம் பாடல் காட்டுகிறது. புறநானூற்றின் 106 ஆம் பாடலில் கபிலர், எளியவர் படைக்கும் எருக்கம் பூவையும் தெய்வம் ஏற்கும் என்பதைப் பாரியின் கொடைக்கு ஒப்பிடுகிறார். பாரி இறந்த பின் கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்ததாகக் கருதப்படும் கபிலர் குன்று, மணலூர்பேட்டைக்குக் கீழே திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றிலேயே உள்ளது. இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் காணப்படும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று கபிலரின் முடிவைப் பற்றிக் குறிப்பிடுகிறது.

விநாயகருக்கு எருக்கம் பூமாலை சாற்றுவர். இரத சப்தமி அன்று ஏழு எருக்கிலைகளை உடலில் வைத்து நீராடுவது வழக்கம். கடலூர் மாவட்டத்தில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் திருஎருக்கத்தம்புலியூர் சிவன் கோயிலின் தல மரம் வெள்ளெருக்கு ஆகும். இவ்வூர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாரின் பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது.

தாய்லாந்தில் எருக்கம் பூ அன்பின் அடையாளமாகக் கருதப்பட்டு மாலைகளில் கோக்கப்படுகிறது. ஹவாய்த் தீவுகளின் கடைசி அரசியான லிலியோகலானிக்கு இது விருப்பமான பூவாக இருந்தது. அங்கு இதன் துணை மகுடத்தை மட்டும் பிரித்தெடுத்தும் மாலை கோக்கின்றனர். பால் வடியும் பூவாகையால் அங்கும் கோப்பவர்கள் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.